பதினான்கு பாட்டில், ஒரே பிறந்தநாள்

"திருவிருந்துல திராட்சை ரசம் குடிச்சீங்களே, நீங்கள்லாம் வயசுக் கார்டு காட்டினீங்களா?"

ஞாயிறு பள்ளியில் கிர்ஸ்டி இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சபை மூப்பர் முர்டோ மெக்காஸ்கில் தாடையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு மூப்பரான டூகல் ஸ்ட்ராகன்தான் வயிறு குலுங்கச் சிரித்து, "சாமி வீட்டுல கார்டு கேக்க மாட்டாங்க பாப்பா" என்று ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பினார்.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. கிர்ஸ்டி இப்போது மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடக்கிறாள். வியாழக்கிழமை மாலை இன்வர்கெல்டி துறைமுகச் சுவருக்கு அடியில், தன் வாந்தியிலேயே முகம் புதைந்து விறைத்துக் கிடந்தவளை ஒரு நண்டுப் படகுக்காரர் பார்த்துத் தூக்கி வந்தார். பக்கத்தில் காலியான ஸ்ட்ராபெரி வோட்கா பாட்டில். கோட்டுப் பையில் ரசீது. ஸ்ட்ராகன் கடை, மாலை நான்கு பதினொன்று, விற்றவர் எண் நான்கு.

எண் நான்கு இப்போது, திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு, மீன் ஏலக் கூடத்துக்கு மேலே இருந்த முர்டோவின் அலுவலகத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஃபி லாமண்ட். வயது ஐம்பத்தெட்டு. ஸ்ட்ராகன் கடைக் கல்லாவில் பதினோரு வருடம்.

"சார்ஜென்ட், நான் அதைச் செஞ்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார்.

முர்டோ போலீஸ் வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பத்து வருடமாகியும் ஊர் அவரைச் சார்ஜென்ட் என்றுதான் கூப்பிட்டது.

"நம்மகிட்ட வர்றவங்க எல்லாரும் 'நான் செய்யல'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நீங்க புது மாதிரிம்மா" என்றாள் அவருடைய உதவியாளர் ஏய்லி ரென்னி. ஏய்லிக்கு முப்பத்துமூன்று வயது. பார்த்தால் பதினேழு. சினிமா தியேட்டரில்கூட அவளிடம் வயது கேட்பார்கள்.

எஃபி ஒரு கடிதத்தை நீட்டினார். ஸ்ட்ராகன் தட்டச்சு செய்து கொடுத்தது. 'மறதியின் காரணமாக வயதுச் சான்று கேட்காமல், ஏதோ ஒரு தேதியை இயந்திரத்தில் அடித்து, சிறுமிக்கு மது விற்றுவிட்டேன்.' கையெழுத்துக்கு ஒரு கோடு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் போட்டுத் தரவேண்டும். நாளைக் காலை அதை மது விற்பனை உரிம வாரியத்திடம் ஸ்ட்ராகன் கொடுப்பார். கடை பிழைக்கும். எஃபியின் வேலையும் பேரும் போகும்.

"யாரா இருந்தாலும் கேப்பேன் சார்ஜென்ட். இருபத்தஞ்சுக்குக் கீழ தெரிஞ்சாத்தான் கேக்கணும்னு சட்டம். எங்க கடையில முதலாளி வச்ச விதி, நரைச்ச தலைகிட்டயும் கேக்கணும். பாட்டிலைக் காட்டினா மெஷின் பிறந்த தேதி கேக்கும். அதை அடிச்சாத்தான் பில் வரும். போன மாசம் உங்க சபைப் போதகர்கிட்டயே கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் காட்டினார்."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

எஃபி கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார். "எனக்கு மறதி வருது. அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துடறேன். முதலாளி சொல்றாரு, நாலு மணிக்கு நான் டீ குடிக்கப் போறதா நினைச்சுக்கறேனாம். ஒரு வருஷமா நான் டீக்கே போறதில்லையாம். எனக்கு என்னவோ தினமும் பின்னறையில பத்து நிமிஷம் உக்காந்து குடிச்ச மாதிரிதான் இருக்கு. டீயையே நான் கற்பனை பண்றேன்னா, பொண்ணுக்கு வித்ததையும் மறந்திருப்பேன்தானே? வித்திருந்தா சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

கீழேயிருந்து மீன் கழுவிய தண்ணீரின் வாடை ஏறி வந்தது. எஃபி மூக்கைச் சுளித்துவிட்டு, அதற்காக வெட்கப்பட்டவர்போலச் சொன்னார். "வெள்ளிக்கிழமை ராத்திரி என் வீட்டுக் கதவுல யாரோ மீன் குடலை அப்பிட்டுப் போயிட்டாங்க. சுடுதண்ணி ஊத்தித் தேச்சேன். நாத்தம் மட்டும் போகல."

இந்த ஊரின் பாதிப் பேருக்கு முர்டோ கைகொடுத்து வணக்கம் சொல்லியிருக்கிறார். அதில் எந்தக் கை குடல் அள்ளியது என்று யோசித்துப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"ரசீது நகல் எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"என் வீட்டுல" என்றார் எஃபி. "மெஷின் ரெண்டு துண்டு அடிக்கும். ரெண்டாவதைத் தூக்கிப் போடுவாங்க. நான் மறதிக்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுபோயி, எல்லாத்துலயும் தேதி போட்டிருக்கேனான்னு பென்சில்ல டிக் பண்ணிப் பாப்பேன். ஒண்ணுகூட விட்டதில்ல."

ஏய்லி எழுந்து கோட்டை மாட்டினாள். "அம்மா, மறதிக்காரங்க எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா ஞாபகசக்திக்காரங்க பாடு திண்டாட்டம்."

*

எட்டு வார ரசீதுகள் ஒரு செருப்புப் பெட்டியில் இருந்தன. எஃபியின் சமையலறை மேசையில் ஏய்லி அவற்றைச் சீட்டுக்கட்டுபோல விரித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பென்சில் குறி.

அரை மணி நேரத்தில் அவள் ஒரு கூட்டத்தைத் தனியே எடுத்து வைத்தாள்.

"சார்ஜென்ட், இங்க பாருங்க. 1941 அக்டோபர் ஒன்பது. பதினாலு ரசீதுல அதே தேதி. வியாழக்கிழமை நாலு பதினொண்ணு, கிர்ஸ்டி பையில இருந்த ரசீதோட நகலும் இதுல இருக்கு."

"ஒரே ஆளு பதினாலு தடவை வந்திருக்கலாம்."

"எண்பதைத் தாண்டின ஆளு, பதினாலு தடவையும் ஸ்ட்ராபெரி வோட்காவா? அந்த இனிப்புக்குப் பல்செட்டு கரைஞ்சிடும்."

முர்டோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரத்தைப் பார்த்தார். எல்லாமே வியாழன், வெள்ளி. எல்லாமே நான்கு ஐந்துக்கும் நான்கு இருபதுக்கும் நடுவில். பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் கடைத்தெருவுக்கு நடந்து வந்து சேரும் நேரம்.

"எஃபி, உங்க பிறந்தநாள்?"

"நவம்பர் மூணு, அறுபத்தாறு."

"கல்லாவுல உக்கார்ற சோம்பேறிங்க என்ன செய்வாங்க தெரியுமா?" என்றாள் ஏய்லி. "கார்டு கேக்கற சிரமத்துக்குப் பதிலா தன் பிறந்த தேதியையே அடிச்சுடுவாங்க. நான் சூப்பர் மார்க்கெட்டுல வேலை பாத்தப்போ ஒரு வாரத்துல நாப்பது பேர் என்கூட ஒரே நாள்ல பொறந்தாங்க. அந்த மருத்துவச்சி பாவம்."

"அப்போ இதை அடிச்சது எஃபி இல்ல."

"நாலு மணிக்கு அவங்க டீ குடிக்கப் போனா, கல்லாவுல யாரு?"

எஃபி மெல்லச் சொன்னார். "முதலாளிதான் நிப்பாரு. என் எண்ணை மூடாமலே விட்டுட்டுப் போகச் சொல்வாரு. அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனா என் ஞாபகத்தை நம்பாதீங்க."

"திருடன் ரசீது குடுப்பானா சார்ஜென்ட்?" என்று ஏய்லி கேட்டாள்.

"அடுத்தவங்க எண் அச்சாகியிருந்தா குடுப்பான்."

*

ஸ்ட்ராகன் கடையில் தரை துடைத்த பினாயில் வாடையும் அவர் ஓயாமல் சப்பும் புதினா மாத்திரை வாடையும் கலந்து அடித்தன. கல்லாவுக்குப் பின்னால் அவரே எழுதி ஒட்டிய பலகை: 'நம் பிள்ளைகளைக் காப்போம். அனைவரிடமும் வயதுச் சான்று கேட்கப்படும்.' பலகைக்குக் கீழே, குழந்தையின் கை எட்டும் உயரத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில் வோட்கா வரிசை.

ஏய்லி ஒரு சின்ன விஸ்கியை எடுத்துக் கல்லாவில் வைத்தாள்.

"கார்டு" என்றார் ஸ்ட்ராகன். முர்டோவைப் பார்த்ததும் குரலைக் குழைத்துக்கொண்டார். "வாங்க முர்டோ. தப்பா நினைக்காதீங்க, விதி விதிதான். வியாழக்கிழமைக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பொண்ணுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன்."

"எனக்கு முப்பத்துமூணு" என்றாள் ஏய்லி, அட்டையை நீட்டியபடி. "ஒரு விவாகரத்து முடிஞ்சுது, இன்னொண்ணு நடந்துக்கிட்டிருக்கு. ஒரு குவார்ட்டர் வாங்கறதுக்கு இன்னும் தகுதி வரல. ஐயோ, என் படத்தை அப்படிப் பாக்காதீங்க! உங்க லைசென்ஸ் படம் மட்டும் ராஜகுமாரனா? காட்டுங்க பாப்போம்."

ஸ்ட்ராகன் சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். தன் படம் நன்றாக வந்திருப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. ஏய்லி படத்தைப் பார்க்கவில்லை. 1966 ஜூன் பன்னிரண்டு.

பொருந்தவில்லை.

"எஃபி டீக்குப் போகும்போது நீங்கதானே கல்லாவைப் பாத்துக்கறது?" என்று முர்டோ சாதாரணமாகக் கேட்டார்.

"டீயா? அவ டீக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு. அவ இருக்கறப்போ நான் கல்லாப் பக்கமே போறதில்ல. பாவம் முர்டோ, அவளுக்குத் தலை கழண்டுக்கிட்டு வருது. எங்க அம்மா ஞாபகம் வந்து இரக்கப்பட்டு வச்சிருக்கேன். வேற முதலாளியா இருந்தா எப்பவோ துரத்தியிருப்பான்."

வெளியே வந்ததும் ஏய்லி விஸ்கியைக் கோட்டுப் பையில் திணித்தாள். "கையைக் கழுவணும் போல இருக்கு சார்ஜென்ட். நான் அவரைத் தொடக்கூட இல்ல."

மணி மூன்று இருபது. முர்டோ எஃபியிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். "அவர் பிறந்தநாளும் இல்லன்னா நான்தான் சார்ஜென்ட். நான் போயிக் கையெழுத்துப் போட்டுடறேன். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு யாராவது ஒரு பதில் சொல்லணும்ல" என்றார்.

"அஞ்சு வரைக்கும் பொறுங்க."

"கடைக்குப் போயி, பேனாவோட பின்னறையில காத்திருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

*

கடல் மூடுபனி துறைமுகத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரு பொட்டலம் சிப்ஸை நடுவில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்தார்கள். முர்டோ ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"எச்சரிக்கையான ஆளு" என்றார். "தன் பிறந்தநாளைப் போடமாட்டான். ஆனா அவசரத்துல, பிள்ளைங்க கல்லா முன்னாடி நிக்கும்போது, புதுசா ஒரு தேதியைக் கண்டுபிடிக்கவும் மாட்டான். கைக்குப் பழகின தேதி ஒண்ணு வேணும். ஒரு ஆம்பளை யாரோட பிறந்தநாளை மறக்கவே மாட்டான்?"

"பொண்டாட்டி பிறந்தநாளா இருக்காது. என் முதல் புருஷன் ஏழு வருஷமும் என் தங்கச்சி பிறந்தநாளுக்கு எனக்கு கேக் வாங்கினான்."

"பிள்ளை?"

"நாப்பத்தொண்ணுல பொறந்த பிள்ளை இப்போ பென்ஷன்ல இருக்கும்." ஏய்லி வாய்க்குக் கொண்டுபோன சிப்ஸை அப்படியே நிறுத்தினாள். "அம்மா ஞாபகம் வந்து இரக்கப்பட்டு வச்சிருக்கேன்னாரே."

முர்டோ எழுந்துவிட்டார். ஐம்பத்தொன்பது வயதுக்கு அவர் அவ்வளவு வேகமாக மேடேறி ஏய்லி பார்த்ததில்லை.

ஆலயத்தில் யாரும் இல்லை. முன்வரிசையிலிருந்து மூன்றாவது பெஞ்சின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது. அம்மா இறந்த வருடம் ஸ்ட்ராகன் சபைக்குக் கொடுத்த பெஞ்சு. ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு நேர் பின்னால்தான் முர்டோ உட்காருவார். நீண்ட பிரசங்கங்களில் அந்தத் தகட்டை எத்தனையோ முறை வெறித்துப் பார்த்திருக்கிறார். பளபளப்பு மட்டும்தான் நினைவில் இருந்தது. இப்போது குனிந்து எழுத்துகளைப் படித்தார்.

'இசபெல் ஸ்ட்ராகன். அன்பான தாய். பிறப்பு 1941 அக்டோபர் 9.'

ஏய்லி ஒரு ரசீதை எடுத்துத் தகட்டின் பக்கத்தில் பிடித்தாள்.

முர்டோ அந்தப் பெஞ்சின்மேல் வைத்திருந்த கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். நேற்றுக் காலைதான் இதே இடத்தில் அவரும் ஸ்ட்ராகனும் காணிக்கைத் தட்டின் இரண்டு ஓரத்தைப் பிடித்து நின்றார்கள். கிர்ஸ்டிக்காக ஜெபித்தபோது ஸ்ட்ராகனின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது.

*

கடையின் பின்னறையில் எஃபி மேசை முன் உட்கார்ந்திருந்தார். கடிதம் விரிந்திருந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது. கதவருகே ஸ்ட்ராகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க முர்டோ. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணும்."

"போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் டூகல். உங்க அம்மா பொறந்த நாள் எது?"

"எங்க அம்மாவா?" ஸ்ட்ராகனின் முகம் கனிந்தது. "அக்டோபர் ஒம்பது. நாப்பத்தொண்ணு. வருஷம் தவறாம அன்னைக்குக் கல்லறையில பூ வைப்பேன். ஏன் கேக்கறீங்க?"

முர்டோ ரசீதுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பதினான்காவதை வைக்கும்போது புதினா மாத்திரை சப்பும் சத்தம் நின்றிருந்தது.

"இதென்ன? எஃபி அடிச்சதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"எஃபி வேற சபை. நம்ம ஆலயத்துக்குள்ள வந்ததில்ல. உங்க அம்மா போனதுக்கு அப்புறம்தான் வேலைக்கே சேர்ந்தாங்க."

"ஏதாவது பேச்சுவாக்குல நானே ஒரு தடவை சொல்லியிருப்பேன். அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டிருப்பா."

"ஆஹா" என்றாள் ஏய்லி. "தினமும் டீ குடிச்சோமா இல்லையான்னே தெரியாத அம்மா, நீங்க ஒரே ஒரு தடவை சொன்ன தேதியை மட்டும் பதினாலு தடவை பிசகாம ஞாபகம் வச்சுக்கிட்டாங்களா? தலை கழண்டிருக்கா, இல்ல யானைத் தலையா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க முதலாளி."

ஸ்ட்ராகன் முர்டோவின் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"முர்டோ, நாம ரெண்டு பேரும் உலகம் தெரிஞ்சவங்க. அந்தப் பசங்க எப்படியும் குடிக்கத்தான் போறாங்க. கண்ட இடத்துல கண்டதை வாங்கறதுக்கு, என்கிட்ட வாங்கினா நல்ல சரக்காவது கிடைக்கும். விலையைக் கொஞ்சம் கூட வச்சு வித்தேன், ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு மொத்தத்தையும் ஒரே மூச்சுல குடிப்பான்னு யாரு கண்டா? எஃபிக்கு எப்படியும் இன்னும் ஒரு வருஷம்தான் வேலை ஓடும். அவளுக்குப் பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லையே."

முர்டோ அந்தக் கையைத் தோளிலிருந்து இரண்டு விரலால் எடுத்துக் கீழே விட்டார். அழுகிய மீனை எடுப்பதுபோல எடுத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க மிட்டாய் குடுத்தீங்க டூகல். அவ உங்களை நம்பித்தான் இந்தக் கடைக்கு வந்திருப்பா." குரல் உயரவில்லை. "பிள்ளைக்கு விஷம் வித்தீங்க. அம்மா பிறந்தநாளை அதுக்குச் சீட்டா வச்சீங்க. அது போதலன்னு, பயந்துபோயிருந்த ஒரு பொம்பளைகிட்ட அவங்க புத்தியையே திருடப் பாத்தீங்க. எனக்குக் குமட்டுது. நாளைக்குக் காலையில வாரியம் கூடுது. நீங்களே போயி வாயால சொல்லிடுங்க, அதுதான் உங்களுக்கு நல்லது. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் என் அறிக்கை அங்க இருக்கும்."

ஸ்ட்ராகன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

எஃபி ரசீதுகளின் நேரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ஆறு. நான்கு பதினொன்று. நான்கு பதினைந்து. பிறகு நிமிர்ந்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"அப்போ நான் டீ குடிச்சேன்" என்றார். "சார்ஜென்ட், நான் டீ குடிச்சேன்தானே?"

"தினமும் குடிச்சீங்க" என்றார் முர்டோ.

ஏய்லியின் மூக்கு சிவந்திருந்தது. "ரெண்டு சர்க்கரை போட்டா, மூணா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு" என்றார் எஃபி சட்டென்று, நிச்சயமாக.

*

ஆறரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. கிர்ஸ்டி கண் திறந்து, டோஸ்ட் வேண்டும் என்று கேட்டாளாம். ஏய்லி அந்தச் செய்தியை எஃபியிடம் சொல்ல ஓடினாள். முர்டோ அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து வாரியத்துக்கு அறிக்கை எழுதினார்.

மூன்று பக்கம். போலீஸ் பழக்கத்தில், கேட்டதை எல்லாம் கேட்ட வரிசையில் எழுதியிருந்தார். படித்துப் பார்க்கும்போது முதல் பக்கத்தில் ஒரு வரியில் பேனா நின்றது. 'சமீப காலமாகத் தனக்கு மறதி இருப்பதாக எஃபி லாமண்ட் தெரிவித்தார்.'

ஆறு வருடத்துக்கு முன்பு, மனைவியை அடக்கம் செய்த மாதத்தில், காலை பத்து மணிக்கு ஸ்ட்ராகன் கடையில் மது விற்பனை தொடங்கும்போதே முர்டோ வாசலில் நிற்பார். பத்தொன்பதாவது நாளோ இருபதாவது நாளோ, படுக்கைச் சட்டைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு போனபோது, எஃபி விஸ்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கார்டு காட்டுங்க சார்ஜென்ட்" என்றார். அப்போது நரைத்தவர்களிடம் கேட்கும் விதியெல்லாம் இல்லை. முர்டோ சத்தம் போட்டார். சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றையும் சொன்னார். எஃபி அசையவில்லை. "கார்டு இல்லாம தரமாட்டேன். வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வாங்க. முகம் கழுவிட்டு வாங்க." அவர் போனார். முகம் கழுவினார். திரும்பி வரவில்லை.

மறுநாள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கப் போனார். மது மறுத்தவர்களைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பேடு கல்லாவில் திறந்திருந்தது. வாரியத்து ஆட்கள் பார்க்கிற ஏடு. முந்தின நாளின் வரியில் எஃபியின் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'காலை பத்து மணி. ஆண். முன்பின் தெரியாதவர்.'

முர்டோ முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'எஃபி லாமண்ட் ஒவ்வொரு நாளும் தன் ரசீதுகளை வீட்டில் சரிபார்க்கும் வழக்கம் உடையவர்.' அது முழு உண்மை. அடுத்த வரிக்குப் போனார்.

கிழித்த பக்கத்தைக் கணப்பில் போட்டு, கருகும்வரை நின்றார். பிறகு அறிக்கையை உறையில் இட்டு, மூடுபனிக்குள் வாரியம் கூடும் நகர மன்றம் வரை நடந்து, வாசல் பெட்டியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்.